ரோட்டைப் பார்த்த பொம்மைகள்

ஆதிநாராயணன் வீட்டு வாசலில் ஒரு பாத்தி இருந்தது. ஆறடி நீளம், மூன்றடி அகலம். சுவருக்கும் சாக்கடைக்கும் நடுவே நகராட்சி மறந்துபோன இடம். கரை கட்டியிருந்தது செங்கல்லால் அல்ல, சூளையில் வெடித்துப்போன பீங்கான் ஃபியூஸ் கட்டைகளால். பீங்கான் சூளைகள் நிறைந்த விருத்தாசலத்தில் செங்கல்லைத்தான் தேடிப் போகவேண்டும். ஃபியூஸ் கட்டை தானாகக் காலில் இடறும்.

பாத்தி போட்டவள் அவர் மனைவி அம்புஜவல்லி. இருவருக்கும் ஒரே பொம்மைக் கம்பெனியில் வேலை. அவர் பிளாஸ்டர் அச்சில் மண் கூழை ஊற்றிப் பொம்மை எடுப்பவர். அது காய்ந்து சூளையில் வெந்து வந்தபிறகு அவள் வண்ணம் தீட்டுவாள். மூக்கு உடைந்தது, காது கோணியது என்று கழித்துப்போட்டதை முதலாளி பிரபாகரன் எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிடுவார். அந்த ஊனங்களெல்லாம் பாத்திக்கு வந்து சேர்ந்தன.

பொங்கல் வந்தால் பாத்திக்கும் பொங்கல். ஒற்றைக் கொம்பு மாடு இரண்டு, விரல் உயரத்தில் பானை, பின்னால் சாமந்தி, பெண்ணாடத்துக் கரும்பில் நறுக்கிய நாலு துண்டு. மாசி மகத்துக்குத் தீப்பெட்டி அட்டையில் தேர். அதை இழுக்கக் கை உடைந்த செட்டியார் பொம்மைகள் ஆறு. சித்திரை வெயிலில் எதுவும் பூக்காது என்பதால் தென்னங்கீற்றைக் கிழித்துப் போட்டு ஒரு தண்ணீர்ப் பந்தல். ஆடிப்பெருக்கு அன்று மண்ணைக் கீறி வெள்ளாறு. நிஜ வெள்ளாற்றில் மணல் பறந்த வருடத்திலும் பாத்தி வெள்ளாற்றில் ஒரு குடம் தண்ணீர் ஓடியது. மார்கழியில் டிசம்பர் பூ நீலமாகப் பூக்கும். அதன் அடியில் மாட்டுத் தொழுவம், குழந்தை ஏசு, ராஜாக்கள் இரண்டு பேர். மூன்றாவது ராஜா பழுதில்லாமல் வெந்துவிட்டதால் விற்பனைக்குப் போய்விட்டார்.

எல்லாம் சரி, ஒன்றுதான் இடித்தது. எந்தப் பொம்மையும் வீட்டைப் பார்த்து நிற்காது. அத்தனைக்கும் முகம் ரோட்டுப் பக்கம். வீட்டுக்காரர் வாசலில் வந்து உட்கார்ந்தால் முதுகுகளைத்தான் பார்க்கலாம்.

காரணம் தெருவுக்கே தெரியும். அது பெண்ணாடம் ரோடு. காலை எட்டு நாற்பதுக்கு அந்தப் பக்கமிருந்து வரும் பஸ்ஸில், இடது பக்க ஜன்னலோரம், அவர்களுடைய ஒரே மகள் துர்கா வருவாள். கடைத்தெருவில் ஒரு ஜெராக்ஸ் கடையில் அவளுக்கு வேலை. 2003 பங்குனியில் அவள் நல்லூர்ப் பையன் தமிழ்ச்செல்வனைத் தன்னிஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டாள். பெண்ணாடத்தில் சர்க்கரை ஆலை வேலை, நல்ல பையன், வேறு சாதி. சேதி கேட்ட அன்று ஆதிநாராயணன் நடுவீட்டில் நின்று இரண்டு சட்டம் போட்டார். அவள் இந்த வாசப்படியை மிதிக்கக் கூடாது. அவள் பேரை இந்த வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது. யாரும் என்றால், அவரைத் தவிர அங்கே இருந்தது அம்புஜவல்லி ஒருத்திதான்.

சித்திரை பிறந்ததும் அவள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

பாத்தி யாருக்காக என்பது ஆதிநாராயணனுக்கு முதல் பொங்கலிலேயே விளங்கிவிட்டது. ஆனால் பாத்தி வாசப்படியை மிதிக்கவில்லை, யார் பேரையும் சொல்லவில்லை. தான் போட்ட சட்டத்தில் ஓட்டை இருந்ததால் பேசாமல் இருந்துவிட்டார். கௌரவத்தை மட்டும் விடவில்லை. தினமும் எட்டரை மணிக்கு ரேசரும் கண்ணாடியுமாகக் கொல்லைப் பக்கம் போய்விடுவார். தாடி இருந்தாலும் இல்லாவிட்டாலும் சவரம் நடக்கும். பஸ் போன சத்தம் கேட்ட பிறகுதான் முகம் கழுவுவார்.

பஸ்ஸைப் பார்த்துவிட்டு உள்ளே வரும் அம்புஜவல்லி அடுப்போடு பேசுவாள்.

"இன்னிக்குப் பச்சப் பொடவ," என்பாள். இல்லையென்றால், "கண்ணு செவந்திருக்குது. ராத்திரி சரியா தூங்கல போல."

அடுப்பு பதில் சொல்லாது. கொல்லையில் ரேசர் ஒரு நொடி நின்று, பிறகு ஓடும். இந்த ஏற்பாட்டில் மூன்று வருடமாக மகளைப் பற்றி ஒரு சேதி விடாமல் அவருக்கு வந்து சேர்ந்தது. 2006 ஆவணியில் ஒரு நாள் அம்புஜவல்லி அடுப்பின் முன் வெகுநேரம் நின்றாள். "வயித்தத் தொட்டுக் காட்டிச்சு. முழுகாம இருக்குது," என்றாள். அன்று ஆதிநாராயணன் தாடையில் வெட்டிக்கொண்டார்.

ஊரெல்லாம் சிக்கன்குனியா பிடித்து ஆட்டிய வருடம் அது. விநாயகர் சதுர்த்திக்குத் தும்பிக்கை கோணிய பிள்ளையாரைப் பாத்தியில் உட்காரவைத்த நாலாம் நாள் அம்புஜவல்லி படுத்துவிட்டாள். காய்ச்சல் ஒரு வாரத்தில் விட்டது, மூட்டு வலி விடவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு கொல்லைக்குப் போய்வருவதே பெரும்பாடாக இருந்தது. வாசல் வரை வர முடியவில்லை. பிள்ளையார் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார். நவராத்திரிக்கும் அவர்தான், ஆயுத பூஜைக்கும் அவர்தான். கோரை முளைத்து அவர் தொந்தி வரை வந்தது.

ஆதிநாராயணன் கஞ்சி காய்ச்சினார், வெந்நீர் வைத்தார், எட்டரை மணிக்குச் சவரமும் செய்துகொண்டார். சேதி சொல்லத்தான் ஆள் இல்லை. மகள் என்ன புடவை கட்டினாள், மசக்கை தீர்ந்ததா, முகம் தெளிந்ததா, ஒன்றும் தெரியவில்லை. ஒன்றரை மாதம் போனதும் அவருக்குச் சோறு இறங்கவில்லை. மகளைப் பார்க்கவேண்டும் என்று ஆசையாக இருந்தது. அதை யாரிடமும் சொல்ல முடியாத இடத்தில் தன்னைத்தானே கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்.

தீபாவளிக்கு மூன்று நாள் இருக்கும்போது அம்புஜவல்லி பாயில் கிடந்தபடி அழுதாள்.

"வலிக்குதா?" என்றார்.

"வலி கெடக்குது. ரெண்டு மாசமா பாத்தி அப்படியே கெடக்குதே, பஸ்ஸுல போறவங்க என்னா நெனப்பாங்க? நானும் வெறுத்து ஒதுக்கிட்டேன்னு நெனச்சிக்குவாங்க. மாசமா இருக்கிற நேரத்துல மனசு ஒடஞ்சி போவாதா?"

"யாருக்கு?"

"பஸ்ஸுல போறவங்களுக்குத்தான்."

"பஸ்ஸுல போறவங்களுக்குன்னா நானே வெக்கிறேன்," என்றார்.

"முகம் ரோட்டப் பாக்கணும்ங்க."

"எனக்குத் தெரியும்."

மறுநாள் கம்பெனியில் கழித்துப்போட்ட பொம்மை ஒன்றுகூட இல்லை. "கொலுவுக்கே எல்லாம் போயிடுச்சி ஆதி. ஒடஞ்சதக்கூட ஒட்டிக் குடுத்துட்டேன். இனிமே சூள எரியறது தீபாவளி கழிச்சித்தான்," என்றார் பிரபாகரன். அலமாரியில் இருந்ததெல்லாம் பச்சைப் பொம்மைகள். அதாவது ஊற்றிக் காயவைத்து இன்னும் சூளைக்குப் போகாதவை. சுடாத பொம்மை தண்ணீர் பட்டால் மறுபடியும் மண்தான் என்பது அந்த ஊரில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். முப்பது வருடம் அச்சு ஊற்றியவருக்குத் தெரியாதா? ஐப்பசி மழைக்காலம் என்பதும் தெரியும். தொழில் தெரியாத ஆளாக இருந்தால் கடைக்குப் போய் நாலு பொம்மை வாங்கியிருப்பான். இவர் கை வைத்து எடுத்த பொம்மை இருக்க, கடைப் பொம்மையை வைப்பதா? அது தொழிலுக்கே கேவலம். ரெண்டு நாள் தாங்காதா என்று வானத்தோடு பேரம் பேசிக்கொண்டு நாலைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

விளக்கேந்திய பெண் இரண்டு, மேளக்காரர் ஒருவர், யானை ஒன்று. தீபாவளிக்கு யானை எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. அவர் அதுவரை பிரஷ் பிடித்ததில்லை. அன்று சாயங்காலம் மனைவியின் வண்ண டப்பாக்களைப் பரப்பி வைத்துக்கொண்டு தீட்டினார். விளக்கேந்திய பெண்களில் ஒருத்தியின் கண் ஒன்று ரோட்டையும் மற்றொன்று சாக்கடையையும் பார்த்தது. மேளக்காரருக்கு மீசை காது வரை போய்விட்டது. யானை மட்டும் சுமாராக வந்தது, அதற்குத் தீட்ட ஒன்றும் இல்லாததால்.

பிள்ளையாரைக் கும்பிட்டு உள்ளே கொண்டுபோனார். கோரையைப் பிடுங்கினார். பக்கத்து வீட்டுப் பாஞ்சாலையிடம் கோழிக்கொண்டைச் செடி நாலு வாங்கி நட்டார். பொம்மைகளை வரிசையாக நிறுத்தி, ரோட்டுக்குப் போய் பஸ்ஸின் உயரத்துக்கு எம்பிப் பார்த்து, யானையை அரையடி தள்ளி வைத்தார்.

"வெச்சாச்சா?" என்றாள் அம்புஜவல்லி உள்ளேயிருந்து.

"வெச்சாச்சு."

"சுட்டதுதானே?"

"வெயிலு நல்லாத்தான் அடிச்சிது," என்றார்.

"ஐயோ, ஐப்பசிங்க இது!"

மறுநாள் வெள்ளிக்கிழமை, தீபாவளிக்கு முந்தின நாள். மகள் பஸ்ஸில் வரும் கடைசி நாள் அதுதான்; அப்புறம் நோன்பு, லீவு எல்லாம் முடிந்துதான் வருவாள். எட்டு மணிக்கு வானம் இருட்டியது. எட்டேகாலுக்குத் தூறல் விழுந்தது. ஆதிநாராயணன் ரேசரைக் கையில் எடுத்தவர் அதைப் போட்டுவிட்டு, பிளாஸ்டிக் தாளை எடுத்துவந்து பொம்மைகளை மூடினார். மூடியபிறகுதான், மூடினால் பஸ்ஸிலிருந்து தெரியாது என்பது உறைத்தது. தாளை எடுத்துவிட்டுக் குடையைக் கொண்டுவந்து பொம்மைகளுக்குப் பிடித்தார். மழை வலுத்தது. குடை சின்னது. யானைக்கும் மேளக்காரருக்கும் பிடித்தால் பெண்கள் நனைந்தார்கள். நாலு பேருக்கும் சேர்த்துப் பிடித்தால் ஆதிநாராயணன் வெளியே நின்றார். அப்படியே நின்றார்.

எதிர் டீக்கடை மாயவன் கொட்டகைக்கு அடியிலிருந்து எட்டிப் பார்த்தான்.

"என்னாண்ணே, கொட புடிச்சிக்கிட்டு நிக்கிறீங்க?"

"மழ பேயுது."

"ஒங்க மேலதான் பேயுது. கொட எங்கியோ இருக்குது."

"எனக்குத் தெரியும்டா. நீ டீயப் போடு."

பஸ் நேரத்துக்கு வரவில்லை. தீபாவளிக் கூட்டம். எட்டு நாற்பது ஆயிற்று, ஒன்பது ஆயிற்று. வேட்டி உடம்போடு ஒட்டிக்கொண்டது. தரையில் தெறித்த தண்ணீர் பட்டு யானையின் கால்கள் வழவழவென்று ஆகிக்கொண்டிருந்தன. இன்னும் ஐந்து நிமிடம் நில்லுடா என்று யானையைக் கேட்டுக்கொண்டார். மூன்று வருடத்தில் அந்த நேரத்துக்கு அவர் வாசலில் நிற்பது அதுதான் முதல் தடவை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. உள்ளே ஓடிவிடலாமா என்றிருந்தது. ஓடினால் குடையை யார் பிடிப்பது?

ஒன்பது பத்துக்குப் பஸ் வந்தது. மழைக்காக இடது பக்கத்து ஷட்டர்கள் மொத்தத்தையும் இறக்கி விட்டிருந்தார்கள். முன்னாலிருந்து பின்னால் வரை ஒரே தகரம். இதை அவர் யோசிக்கவே இல்லை. குடையைப் பிடித்த கை அப்படியே இருக்க, வாய் மட்டும் "அடப் போங்கய்யா" என்றது.

பின்பக்கத்தில் ஒரு ஷட்டர் மேலே போனது. பக்கத்து சீட்டுக்காரர்கள் சத்தம் போட்டார்கள். துர்காவின் முகம் தெரிந்தது. முதலில் பாத்தியைப் பார்த்தாள். அப்புறம் குடையைப் பார்த்தாள். அப்புறம் குடைக்கு வெளியே நின்றவரைப் பார்த்தாள். மூன்று வருடத்தில் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. அம்புஜவல்லி இதை அடுப்பிடம் சொல்லவே இல்லை.

பஸ் போய்விட்டது. ஆதிநாராயணன் போன பஸ்ஸையே பார்த்துக்கொண்டு நின்றார். நூறு அடி தள்ளி, ஸ்டாப்பே இல்லாத இடத்தில், பஸ் நின்றது. கண்டக்டர் திட்டுவது இங்கே வரை கேட்டது. துர்கா இறங்கினாள். ஒரு கையில் பை, இன்னொரு கை வயிற்றின் மேல். தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு, சேற்றில் கால் வைக்க இடம் பார்த்துப் பார்த்து நடந்து வந்தாள்.

பொம்மைகளின் மேலிருந்து குடையை எடுத்தால் ஐந்து நிமிடத்தில் என்ன ஆகும் என்பது முப்பது வருடத் தொழிலில் அவருக்கு நன்றாகவே தெரியும். எடுத்துக்கொண்டு ஓடினார். மகளின் தலைக்கு மேல் குடையைப் பிடித்து, வந்த வழியே கூட நடந்தார். மாயவன் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பாத்தியருகே வந்ததும் அவள் நின்றாள்.

"அம்மா சுடாதத மழையில வெக்க மாட்டாங்களே. அம்மாவுக்கு என்னாச்சி?"

"சிக்கன்குனியா. ரெண்டு மாசமா படுத்திருக்கா. இப்ப பரவால்ல."

அவள் கண் நிறைந்தது. "ரெண்டு மாசமா? எனக்கு ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதாப்பா?"

ஆதிநாராயணன் பாத்தியைக் காட்டினார். மேளக்காரரின் மீசை கரைந்து மேளத்தின் மேல் ஓடிக்கொண்டிருந்தது. யானை முன்னங்கால் மடங்கி மண்ணோடு மண்ணாகப் படுத்துவிட்டது.

"அதத்தாம்மா நேத்திலேருந்து சொல்லிக்கிட்டிருக்கேன்," என்றார். "படி வழுக்கும், பாத்து மிதி."