நீலச் சட்டைக்கு ஒரு விளக்கவுரை

கவிதைக் கூட்டம் என்றாலே பல் டாக்டருக்குக் கொட்டாவி வரும். தங்கைதான் கிளினிக்குக்கே வந்து, "உன் மாஜி புருஷன் கவிதைக்குப் பரிசு கிடைச்சிருக்குக்கா. அதைப் பத்திப் பேசப் போறாங்க. பொழுது போகும், வா" என்று இழுத்துப் போனாள்.

நூலகத்தின் மாடி அறை. மேடையில் கன்னத்தில் கை வைத்து, துக்கத்துக்கு போஸ் கொடுத்துக்கொண்டிருந்தார் கவிஞர். பக்கத்தில் ஒரு பேராசிரியர். பின்னால் பலகையில் கவிதை:

கதவைச் சாத்திவிட்டுப்
போன பிறகும்
கொடியில் காய்கிறது
ஒரு நீலச் சட்டை

"நீலம்னா என்ன?" என்று பேராசிரியர் ஆரம்பித்தார். நீலம் வானமாம், கடலாம், விஷமாம். கொடி தொப்புள்கொடியாம். முன்வரிசைக்காரர் ஒருவர் எழுந்து, "தேசக்கொடியாகவும் இருக்கலாமே" என்றார். பேராசிரியர் அதையும் சேர்த்துக்கொண்டார். ஒவ்வொன்றுக்கும் கவிஞர் தலையாட்டினார். இவ்வளவையும் யோசித்துத்தான் எழுதினோம் என்று அவரே நம்பத் தொடங்கிவிட்டது முகத்தில் தெரிந்தது.

"சாத்திட்டுப் போனது யாரு? அவனா, அவளா? சொல்லலை! அந்த மயக்கம்தான் இந்தக் கவிதையோட உயிர்" என்றார் பேராசிரியர்.

டாக்டர் கையைத் தூக்கினாள். "அவன்தான் சார்."

"அப்படியும் வாசிக்கலாம்மா..."

"வாசிக்கலைங்க, பார்த்தேன். சூட்கேஸைத் தூக்கிட்டுப் போனார். சட்டை ஈரமா இருந்ததால விட்டுட்டுப் போனார். மறுவாரம் போன் பண்ணி, 'இஸ்திரி போட்டு வை, ஆள் அனுப்பறேன்'னார்."

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"நீங்க யாரும்மா?"

"சட்டையைத் தோய்ச்சவ."

கவிஞர் தொண்டையைக் கனைத்தார். "கவிதையில வர்ற 'நான்', நான் இல்லை. அது வேற..."

"அதுல 'நான்'ங்கற வார்த்தையே கிடையாதே! கெட்டிக்காரத்தனமே அங்கதானே இருக்கு. போனது நீங்க. யார் போனாங்கன்னு மூச்சு விடாம, பறிகொடுத்தவர் மாதிரி உட்கார்ந்து பரிசும் வாங்கியாச்சு."

அறை முழுவதும் கவிஞரையே பார்த்தது. "நான்தான் சாத்தினேன்" என்றார், மைக்குக்கு எட்டாத குரலில்.

பேராசிரியருக்கு முகம் விழுந்துவிட்டது. "இதைச் சொல்லியிருக்க வேண்டாம் சார். ரெண்டு அர்த்தத்துல ஒண்ணு போச்சு" என்று அங்கலாய்த்தார். ஒருத்தியின் குடும்பம் போனதைப் பற்றி அவருக்குக் கவலை இருந்ததாகத் தெரியவில்லை.

அக்காவும் தங்கையும் எழுந்து வெளியே வந்தார்கள். படியிறங்கும்போது தங்கை கேட்டாள்: "மனசு ஆறிச்சாக்கா?"

"எங்க ஆறும்? கவிதை நல்லாத்தான்டி இருக்கு. இப்படி எழுதத் தெரிஞ்ச ஆளுக்கு, போகும்போது ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகத் தெரியலையே. அதான் வயிறு எரியுது."

தங்கை அக்காவின் கைப்பையை வாங்கிக்கொண்டாள். காரை எந்தத் தெருவில் நிறுத்தினோம் என்று இருவருக்குமே மறந்துபோயிருந்தது. தேடிக்கொண்டு நடந்தார்கள்.