நாற்பது பச்சைகளில் ஒரு தோரணம்

1

இது என் தோழி ஒருத்திக்கு நடந்த கதை. அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். (இதில் ஒரு பொய் இருக்கிறது. மூன்றாம் பகுதியில் நானே ஒப்புக்கொள்வேன். அதுவரை நம்புவதுபோல் இருங்கள்.)

முதல் தொடக்கம்: ‘செங்காங்கில் பதினான்காம் மாடி வீட்டுக்குள் இளங்காலைக் கதிரவன் தன் பொற்கரங்களை நீட்டி—’ அடித்துவிட்டேன். அந்த வீடு மேற்குப் பார்த்தது. காலையில் அங்கே ஒரு கரமும் நீளாது.

இரண்டாம் தொடக்கம்: ‘சின்ன வயதிலிருந்தே வினுஷாவின் விரல்களுக்கு—’ வேண்டாம். பள்ளிக்கூடத்திலிருந்து ஆரம்பித்தால் விஷயத்துக்கு வருவதற்குள் நீங்கள் கைப்பேசியை எடுத்துவிடுவீர்கள்.

நேராகவே சொல்கிறேன். வினுஷாவும் அவள் கணவன் வாகீசனும் நான்கு வருடம் காத்திருந்து சிங்கப்பூரின் செங்காங்கில் ஒரு புது வீடு வாங்கினார்கள். வாகீசனின் அம்மா குணமணி பாசிர் ரிஸ்ஸில் இருக்கிறார். சாவி கைக்கு வருமுன்பே அவர் ஓர் இன்டீரியர் டிசைனரைப் பேசி வைத்துவிட்டார். வினுஷாவோ வீட்டைத் தானே அலங்கரிப்பதாகவும், செய்து விற்கும் எதையும் வாங்கப்போவதில்லை என்றும், எல்லாம் தன் கையால்தான் என்றும் ஒற்றைக்காலில் நின்றாள். இழுபறிக்குப் பிறகு ஓர் உடன்பாடு வந்தது. புதுமனை புகுவிழா அன்று மாமி வந்து பார்ப்பார். திருப்தி என்றால் சரி. இல்லையென்றால் திங்கட்கிழமை காலை டிசைனர் அளவு நாடாவோடு வருவார். அதற்குப் பிறகு சுவர் நிறத்திலிருந்து திரைச்சீலை வரை அவர் வைத்ததுதான் சட்டம்.

“உன் வீடுதான், வினுஷா. நான் இல்லேன்னு சொல்லல,” என்றார் குணமணி. “ஆனா நாலு பேர் வந்து பார்க்கிற வீடு.”

இந்த வாக்கியத்தை நான் கற்பனை செய்யவில்லை. அந்தத் திறமை எனக்குக் கிடையாது.

2

இந்த இடத்தில் கதை நின்று, கைவேலைப் பாடம் தொடங்குகிறது. பிடிக்காதவர்கள் தாண்டிப் போகலாம். நஷ்டம் உங்களுக்குத்தான்.

காலி ஜாம் பாட்டிலில் கீழிருந்து மேலாகப் பசை தடவி, சணல் கயிற்றை இடைவெளி விடாமல் சுற்றினால் பூச்சாடி. கயிற்றின் முனையை அடிப்பக்கம் ஒட்டவேண்டும். பக்கவாட்டில் ஒட்டினால் மூன்றாம் நாள் வாலாட்டும். கிழிந்த பட்டுப்புடவையின் முந்தானையைச் சட்டத்தில் இழுத்துப் பொருத்தினால் சுவர்ப்படம். முட்டை அட்டையின் கிண்ணங்களை வெட்டிச் சாயம் பூசினால் பூ. வினுஷா இதையெல்லாம் ஆடி மாதம் முழுக்க உட்கார்ந்து செய்தாள்.

விழாவை ஆடியில் வைக்கக்கூடாது என்பதில் குணமணி கறாராக இருந்தார். அந்த மாதத்தில் அலமாரியைப் பக்கத்து அறைக்கு நகர்த்தக்கூட விடமாட்டார். ஆகவே ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்தோம். (‘குறித்தார்கள்’ என்று திருத்தவேண்டும்.) தமிழ் நாள்காட்டியை நான்கு முறை புரட்டியவர்கள், பக்கத்து வீட்டுச் சுவரில் தொங்கிய சீன நாள்காட்டியை ஒருமுறையும் எட்டிப் பார்க்கவில்லை. அந்த ஞாயிறு சீனர்களின் ஏழாம் மாதத்தில் விழுந்தது. இறந்தவர்கள் பசியோடு திரும்பி வருவார்கள் என்று அவர்களுக்குப் படைக்கும் மாதம். அந்த மாதத்தில் சீனர்கள் வீடு மாறமாட்டார்கள். ஆடிக்குப் பயந்து ஓடியவர்கள் நேராக அதற்குள் போய் நின்றார்கள்.

3

வாசல் தோரணம் மட்டும் பாக்கி. அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே ஒரு கடை வாசலில் கட்டுக்கட்டாகக் காகிதம் அடுக்கியிருந்தது. சொரசொரப்பான காகிதம், நடுவில் தங்க நிறச் சதுரம், விலையோ கொள்ளை மலிவு. வினுஷா இரண்டு கட்டு வாங்கினாள். எட்டு இதழாக மடித்து, நடுவில் நூல் கட்டி, ஒவ்வொன்றாய் விரித்தால் தாமரை. நாற்பது தாமரை மடித்தாள். சனிக்கிழமை காலை நிலைக்கு மேல் கட்டிவிட்டு எட்டி நின்று பார்த்தாள். அவ்வளவு அழகு. சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது.

பக்கத்து வீட்டு லிம் ஆன்ட்டி காய்கறிப் பையோடு மின்தூக்கியிலிருந்து வந்தவர் அப்படியே நின்றார். பையைக் கீழே வைத்தார். அவர் பேசியது ஆங்கிலம். என் தமிழில் தருகிறேன்.

“இது செத்தவங்களுக்கு எரிக்கிற காகிதம். வாசல்ல கட்டக்கூடாது லா.”

நீங்கள் புருவத்தை உயர்த்துவது இங்கிருந்தே தெரிகிறது. சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்தவளுக்கு இதுகூடவா தெரியாது? கற்பனைப் பாத்திரமாக இருந்தால் நானும் நம்பமாட்டேன். வேறு வழியில்லை, ஒப்புக்கொள்கிறேன்: தோழி என்று யாரும் இல்லை. அது நான்.* ஏழு வருடத்துக்கு முன் நான் செய்த வேலை. ஒவ்வொரு வருடமும் கீழே அந்தக் காகிதம் எரியும்போது, புகை வருகிறதே என்று முணுமுணுத்துக்கொண்டு ஜன்னலைச் சாத்தியிருக்கிறேன். முப்பது வருடம் ஜன்னலைச் சாத்தினேனே தவிர, எரிவது என்ன என்று ஒருமுறைகூட இறங்கிப் போய்ப் பார்த்ததில்லை. இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

(* அப்படியானால் குணமணி என் மாமி. பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன். லிம் ஆன்ட்டியின் பெயரை மாற்றவில்லை. மாற்றினால் பேசமாட்டேன் என்றுவிட்டார்.)

4

நிஜத்தில் நடந்தது இதுதான். தாமரைகளைப் பிய்த்துக் குப்பையில் போடப் போனேன். ஆன்ட்டி என் கையைப் பிடித்தார்.

“வேஸ்ட் பண்ணாத. எங்கம்மாவுக்குத் தாமரைன்னா உயிர். நான் அவங்களுக்கு அனுப்பிடுறேன்.”

கீழே எரிக்கும் தொட்டியருகே நின்று நான் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். அவர் ஒவ்வொன்றாக இட்டார். அந்தப் புகையில் நான் நின்றது அதுதான் முதல்முறை.

மறுநாள் வாசல் மொட்டையாக இருந்தது. ஐயர் கொண்டுவந்த மாவிலை கும்பத்துக்கே சரியாகப் போயிற்று. மாமி பூச்சாடியைப் பார்த்தார், சுவர்ப்படத்தைப் பார்த்தார், திரும்ப வெளியே போய் வாசலைப் பார்த்தார். “வாசலே இப்படி இருந்தா...” என்று பாதியில் நிறுத்தினார். நான் வாயைத் திறக்கவில்லை. தாமரை விஷயம் வெளியே தெரிந்தால் குடும்பமே சிரிக்கும் என்று பயம். திங்கட்கிழமை டிசைனர் வந்தார். அன்றிலிருந்து என் சுவர்கள் சாம்பல் நிறம், வாசல் நிலையைச் சுற்றியும் சாம்பல் பலகை. அதில் ஆணி மட்டும் அடித்துவிடாதீர்கள், விரிசல் விடும் என்று சொல்லிவிட்டுப் போனார். ஏழு வருடம் அடிக்கவில்லை. சணல் சுற்றிய பாட்டில்களில் மிளகாய்த்தூள் போட்டு வைத்திருக்கிறேன்.

5

ஆனால் கதையில் வரும் வினுஷா நானில்லை. அவளைத் தோற்கவிட எனக்கு மனமில்லை.

சனிக்கிழமை மதியம், மொட்டை வாசல், கையில் ஒரே நாள். ‘அப்போது வினுஷாவின் மனத்தில் ஒரு மின்னல்—’ அடித்துவிட்டேன். மின்னலெல்லாம் எழுதுகிறவரின் சோம்பேறித்தனம். தேக்கா சந்தையில் மாவிலை கிடைக்குமே என்பீர்கள். கிடைக்கும். மூன்றாம் நாள் சுருண்டுவிடும், எல்லாம் என் கையால்தான் என்ற பேச்சும் அதோடு போய்விடும். இப்படியே மூன்று வாரம் அவளை வாசலில் நிற்க வைத்திருந்தேன். பாவம், கால் வலித்திருக்கும்.

போன செவ்வாய்க்கிழமை குழாய்க்கு வாஷர் வாங்க ஹார்ட்வேர் கடைக்குப் போனேன். சாயம் தேர்ந்தெடுப்பவர்கள் வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பார்ப்பதற்காக ஒரு சுவர் முழுக்க நிற அட்டைகள் செருகியிருந்தன. இலவசம். பச்சையில் மட்டுமே நாற்பது: வாழைக்குருத்து, பாண்டான் இலை, குளத்துப் பாசி, பிஞ்சு மாங்காய், இன்னும் பெயர் தெரியாத என்னென்னவோ. கடைக்காரரிடம் கேட்டுவிட்டு எல்லாவற்றிலும் இரண்டிரண்டு எடுத்தேன். எந்த அறைக்கு என்றார். வாசலுக்கு என்றேன்.

எழுதுமுன் செய்து பார்க்கவேண்டாமா? பழைய அட்டையில் வெட்டிப் பார்த்த முதல் இலை மிளகாய் மாதிரி வந்தது. இரண்டாவது வெற்றிலை. ஐந்தாவதுதான் மாவிலை. மை தீர்ந்த பேனாவால் நடுவில் ஒரு கோடு அழுத்தி லேசாக மடித்தால் நரம்பு எழும்புகிறது, அட்டை தானே வளைந்துகொள்கிறது. காம்பில் துளை போட்டு, இளம்பச்சையில் தொடங்கிக் கரும்பச்சை வரை வரிசையாகச் சணல் கயிற்றில் கோத்தேன். எண்பது இலை. சாப்பாட்டு மேசையில் விரித்துப் பார்த்தபோது தனியாக நின்று உரக்கச் சிரித்தேன்.

ஆகவே எழுதுகிறேன்: வினுஷா அன்று பிற்பகல் லிம் ஆன்ட்டியையும் கூட உட்கார வைத்து எண்பது இலை வெட்டினாள். ஞாயிறு காலை தோரணம் வாசலில் ஏறியது. இதை நீங்கள் நம்பலாம், என் விரலில் இன்னும் கத்தரிக்கோல் தழும்பு இருக்கிறது.

6

இப்போது குணமணி மின்தூக்கியிலிருந்து வருகிறார். முடிவு மூன்று வைத்திருக்கிறேன்.

எந்தக் கடையில் வாங்கினாய் என்று கேட்கிறார். வினுஷா தன் இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டுகிறாள்.

அல்லது, நேராக உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்து, டிசைனரைக் கூப்பிட்டு நாளைக்கு வரவேண்டாம் என்கிறார்.

அல்லது, உதட்டைப் பிதுக்குகிறார். வினுஷா தாமரையிலிருந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, “மாமி, இது என் கையால செஞ்ச வாசல். இப்படித்தான் இருக்கும்,” என்கிறாள்.

மூன்றாவதை எழுதி முடித்ததும் கதை மேலே ஓடவில்லை. எழுந்து போய்ச் சுத்தியலைத் தேடினேன்.

இன்று ஞாயிறு. மாமி, நிஜ மாமி, மதியச் சாப்பாட்டுக்கு வருகிறார். காலையில் சாம்பல் பலகையில் இரண்டு ஆணி அடித்தேன். விரிசல் விட்டது. டிசைனர் பொய் சொல்லவில்லை. ஓர் இலை மறைக்கிற அளவு விரிசல்தான். சத்தம் கேட்டு லிம் ஆன்ட்டி வந்து, ஓர் இலையைப் பிடித்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

“இது எரிக்கிறதா?”

“இல்ல ஆன்ட்டி. தொங்க விடுறது.”

“அப்ப சரி,” என்றவர், இடது பக்கம் இறங்கியிருக்கிறதென்று சொல்லி நான் ஏறிய முக்காலியைப் பிடித்துக்கொண்டார். சரிசெய்தேன். காற்றில் எண்பது இலையும் ஆடியது. ஏழு வருடத்தில் முதல்முறையாக என் வீட்டுக்கு முன்னால் நிற்பதாக உணர்ந்தேன்.

மின்தூக்கி திறக்கும் சத்தம் கேட்கிறது. மாமியின் செருப்புச் சத்தமும் கேட்கிறது. அவர் என்ன சொல்வார் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். மூன்றில் ஒன்றை எடுங்கள், அல்லது உங்கள் மாமிக்குத் தகுந்தபடி நாலாவதை யோசியுங்கள். எனக்கு ஆட்சேபம் இல்லை. தோரணத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். அந்த ஆணியை நான் அடித்துவிட்டேன்.