கைமாற்றாக ஒரு எண்

இந்த ஜங்ஷன் பிறந்ததே ஒரு பேரத்தில்தான். ரயில் பாதை ஊருக்கு வெளியே போவதாகத்தான் முதலில் திட்டம். மண்டிக்காரர்கள் கூடிப் பேசி, பார்க்க வேண்டியவர்களைப் பார்த்து, பாதையைத் தங்கள் கிடங்கு வாசலுக்கே வளைத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். பிறகு கிழக்கேயிருந்து ஒரு பாதை வந்து ஒட்டிக்கொண்டது, வடக்கேயிருந்து இன்னொன்று. இப்போது அவர்களுடைய பேரன்மார் சரக்கை லாரியில் அனுப்புகிறார்கள். தாத்தா வளைத்த பாதையின் கேட்டில் அந்த லாரிகள் நிற்கும்போதெல்லாம் ரயில்வேக்காரனின் பரம்பரையையே இழுத்துத் திட்டுகிறார்கள். மேம்பாலத்துக்கு இரண்டு தூண் எழுப்பியதோடு சரி. ஒன்றில் மூலத்துக்கு வைத்தியம் செய்பவரின் விளம்பரம், மற்றதில் அவர் போலி என்று சொல்லும் இன்னொரு வைத்தியரின் விளம்பரம். நடுவில் வெறும் ஆகாயம்.

கேட்டுக்கும் சிக்னலுக்கும் கம்பித் தொடர்பு எதுவும் கிடையாது. இரண்டுக்கும் நடுவே இருந்தது ஓர் எண் மட்டுமே. வண்டி வரும் நேரம் ஸ்டேஷன் மாஸ்டர் போன் செய்வார். கேட் கீப்பர் கேட்டைப் போட்டுப் பூட்டிவிட்டு, தன்னிடமுள்ள அச்சடித்த தாளிலிருந்து அடுத்த எண்ணைச் சொல்வார். எண் வந்துவிட்டால் கேட் மூடியாகிவிட்டது என்று அர்த்தம். மாஸ்டர் அதை எழுதிக்கொண்டு சிக்னல் கொடுப்பார். முறை என்னவோ தங்கமான முறைதான். ஆனால் மண்டி நேரத்தில் லாரிக்காரன் விடவேண்டுமே! கம்பம் இறங்க இறங்க மூக்கை உள்ளே விடுவான். அதற்குள் வெளிச் சிக்னலில் வண்டி நின்றுவிடும். மேலிடத்துக் கன்ட்ரோல் அறையிலிருந்து மாஸ்டரின் காதைப் பிய்ப்பார்கள்.

மாஸ்டர் வேறு யாருமல்ல, கேட் கீப்பரின் அக்கா வீட்டுக்காரர். வேலை வாங்கிக் கொடுத்தவரும் அவரே. எனவே ஒருநாள் இப்படி ஆரம்பித்தது:

"மாப்ள, நம்பரை மட்டும் இப்பச் சொல்லிடு. கேட்டை அப்புறம் போட்டுக்கோ. வண்டி வந்து சேர நேரம் இருக்குல்ல?"

"மாமா, லாரி ரெண்டு உள்ள நிக்குது."

"நிக்கட்டும்டா, போயிடும். என் உசிரை எடுக்கிறான் கன்ட்ரோல்ல. உன்ன நம்பித்தானே கேக்கறேன்?"

கைமாற்று கேட்பதுபோல்தான் கேட்டார். கேட் கீப்பரும் அப்படியே கொடுத்தார். கொடுத்த எண்ணுக்குப் பின்னால் ஓடிப்போய்க் கேட்டைப் போட்டு நேர் செய்தார். அன்று ஒன்றும் ஆகவில்லை, மறுநாளும் ஆகவில்லை. ஜங்ஷனில் வண்டிகள் நேரத்துக்கு ஓடின. மாஸ்டருக்கு நல்ல பெயர் வந்தது. பிறகு அவர் கேட்பதையே விட்டுவிட்டார். மணி அடித்ததும் கேட் கீப்பரின் வாயிலிருந்து எண் தானாக வந்தது.

மரப்பலகை ஏற்றிய ஒரு லாரி தண்டவாளத்தின் மேலேயே அச்சு முறிந்து உட்கார்ந்தபோது, எண் போய்ச் சேர்ந்திருந்தது. சிக்னலும் விழுந்திருந்தது. கேட் கீப்பர் போனில் கத்தினார். மாஸ்டர் சிக்னலைத் திருப்பிப் போட்டார், ஆனால் எஞ்சின் அதைத் தாண்டிவிட்டது. சிவப்புக் கொடியைப் பிடித்துக்கொண்டு, ஒரு செருப்பு போன திசை தெரியாமல், ஜல்லியில் ஓடினார் கேட் கீப்பர். வண்டி நின்றது. எஞ்சினுக்கும் லாரிக்கும் இடையே ஓர் ஆட்டோ நிறுத்தலாம், அவ்வளவு இடம். எஞ்சின் டிரைவர் இறங்கி வந்து தண்டவாளத்தின் ஓரமாக உட்கார்ந்தார். வாந்தி எடுத்தார்.

கேட் கீப்பரைத் தற்காலிகமாக வேலையிலிருந்து நிறுத்தினார்கள். காகிதத்தின்படி மாஸ்டர் சுத்தம். கேட்டார், எண் கிடைத்தது, சிக்னல் கொடுத்தார். கேட் போடாமல் எண் சொன்னவன் ஒருவன்தான் தூக்கில் தொங்கவேண்டும். அந்தப் போனுக்கு வாய் உண்டு, காது உண்டு, ஞாபகம் கிடையாது.

விசாரணைக்கு முந்தைய நாள் பிற்பகல் அக்கா வந்தாள். கேட்டை ஒட்டிய குவார்ட்டர்ஸ் வீடு. சமையலறை ஜன்னலைத் திறந்தால் லாரிப் புகை குழம்பில் விழும். அக்கா உட்காரவில்லை. தம்பி பெண்டாட்டி காய் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"ஏண்டா, நாளைக்கு என்ன சொல்லப்போற?" என்றாள் அக்கா.

"நடந்ததத்தான்."

"நடந்தது உனக்கும் அவருக்கும் மட்டும்தானே தெரியும். யோசிச்சுப் பாரு. உனக்கு வேலை போனா அவரு தாங்குவாரு. எங்கயாவது ஒரு இடத்துல சேத்து விடுவாரு. அவருக்கே போச்சுன்னா யாரு யாரத் தாங்கறது? ரெண்டு வீடும் தெருவுல நிக்கும்."

"அப்ப ஒரு வீடு நின்னாப் போதுங்கறீங்களா அண்ணி?" என்றாள் தம்பி பெண்டாட்டி, கத்தியைப் பார்த்துக்கொண்டே. "அது எங்க வீடாவே இருக்கட்டும்னு யாரு சீட்டுப் போட்டுப் பாத்தது?"

"நான் என் தம்பிகிட்டப் பேசிட்டு இருக்கேன்."

"தாராளமாப் பேசுங்க. வேலை போனா வீட்டக் காலி பண்ணிட்டு மூட்டை தூக்கறது நானு. அதான் குறுக்க வந்தேன்."

"நான் என்ன பிச்சையா கேக்கறேன்? இவனுக்கு இந்த வேலைய வாங்கிக் குடுத்ததே அவருதான்."

"குடுத்தவரே திருப்பி எடுத்துக்கறாரு போல."

அக்கா தம்பியைப் பார்த்தாள். அவள் கண்ணில் கோபம் இல்லை. பயம்தான் இருந்தது. சின்ன வயதில் இடி இடித்தால் தன் பின்னால் ஒளிந்துகொண்ட தம்பியிடம், இப்போது தான் ஒளிய இடம் கேட்டு வந்திருக்கிறாள்.

"சரிக்கா. நான் ஒண்ணும் சொல்லலை" என்றார் கேட் கீப்பர்.

மனைவி நறுக்கிய காயை வழித்துச் சட்டியில் கொட்டினாள்.

விடிந்தது. விசாரணைக்குப் போகச் சட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்தவர், பழக்கதோஷத்தில் கேட்டைப் பார்த்தார். அவருடைய இடத்துக்கு வந்த புது ஆள், ஒரு நாளைக்கு இரண்டே வண்டி போகும் குட்டி ஸ்டேஷனிலிருந்து வந்தவன். வந்த புதிதில் சட்டப்படி கேட்டைப் பூட்டிய பிறகுதான் எண் சொன்னான். அதில் ஊரே ஸ்தம்பித்தது. வண்டிகள் வெளியே வரிசையில் நின்றன. லாரிக்காரர்கள் அவன் அம்மாவை விசாரித்தார்கள்.

இப்போது மணி அடித்தது. புது ஆள் போனை எடுத்தான். கம்பம் இரண்டும் வானத்தைப் பார்த்து நின்றன. பள்ளிக்கூட வேன் ஒன்று தண்டவாளத்தின் மேல் ஊர்ந்துகொண்டிருந்தது. அவன் தாளைப் பார்த்து எண்ணை வாசித்தான்.

கேட் கீப்பர் கேட்டை நோக்கி ஓடினார். வேன் போனதும் புது ஆள் ஓடிவந்து கம்பத்தை இறக்கினான்.

"யாருய்யா உனக்கு இப்படிச் சொல்லிக் குடுத்தது?"

"மாஸ்டர்தாண்ணே. பழைய ஆளு இப்படித்தான் குடுப்பாரு, இத்தனை வருஷத்துல ஒரே ஒரு தடவைதான் தப்பாச்சுன்னாரு." எதிரே நிற்பவர்தான் அந்தப் பழைய ஆள் என்று தெரியாமல் புது ஆள் சிரித்தான். "அதுவும் வண்டி நின்னுடுச்சாமே!"

விசாரணை சிக்னல் கேபினின் மாடியில் நடந்தது. சுற்றிலும் கண்ணாடி. யார்டு, பிளாட்பாரம், கேட் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் தெரியும். விசாரணை அதிகாரி பேனாவைத் திறந்தார். மாஸ்டர் வெளுத்த சட்டையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"கேட்டைப் போடாம நம்பர் குடுத்தீங்களா?"

"குடுத்தேன் சார்."

மாஸ்டரின் தோள் நிம்மதியில் கொஞ்சம் இறங்கியது.

"ஏன்?"

கேட் கீப்பர் கண்ணாடி வழியே கேட்டைப் பார்த்தார். "மாஸ்டர் கேட்டாரு சார். ரொம்ப நாளாக் கேட்டாரு. அப்புறம் கேக்காமலே நான் குடுத்தேன்."

"சார், இவன் என் வீட்டுக்காரியோட தம்பி" என்றார் மாஸ்டர். குரல் நடுங்கவில்லை. "அதனாலதான் தைரியமா என் மேல பழியப் போடறான். நம்பர் வந்தா நான் நம்பணும். அதுதானே சட்டம்?"

"சட்டம்தான்" என்றார் அதிகாரி.

"சார், இன்னிக்குக் காலையில புது ஆளும் அப்படித்தான் குடுத்தான். என்னை நம்ப வேணாம். நீங்களே போனை எடுங்க. அடுத்த வண்டிக்கு நம்பர் கேளுங்க. கேட்டுட்டு இப்படி வெளியில பாருங்க."

"டேய்" என்றார் மாஸ்டர், முதல்முறையாக மச்சினனை நேரே பார்த்து. "வேணாம்டா."

அதிகாரி எழுந்துபோய்க் கேட் போனை எடுத்து, கைப்பிடியைச் சுழற்றினார். "சரக்கு வண்டி வருது. கேட் போட்டாச்சா?"

மறுமுனைக் குரல் அறை முழுக்கக் கேட்டது. "போட்டுடறேன் மாஸ்டர், நீங்க எழுதிக்குங்க." எண்ணும் வந்தது.

வெளியே கம்பம் செங்குத்தாக நின்றது. சிமெண்ட் லாரி, அதன் வாலைப் பிடித்தபடி ஒரு சைக்கிள், பின்னால் ஒரு பேருந்து. அதிகாரி வெகுநேரம் பார்த்தார். பிறகு, "யோவ், முதல்ல கேட்டைப் போடுய்யா!" என்று போனில் அலறினார்.

கேட் மூட மூட, இன்னொரு போன் அடித்தது. கன்ட்ரோல். சரக்கு வண்டியை ஏன் நிறுத்தி வைத்திருக்கிறீர்கள் என்று கேள்வி. அதிகாரி வாயைத் திறந்து, மூடி, கையால் போனைப் பொத்திக்கொண்டு கேட் கீப்பரிடம் கேட்டார்: "இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?"

"அது லாரிக்காரன் மனசு வைக்கணும் சார்."

யாரும் சிரிக்கவில்லை. அதிகாரி திரும்பி வந்து உட்கார்ந்து, இரண்டு பேர் பெயரையும் எழுதினார். இருவர் மேலும் நடவடிக்கை. தீர்ப்பு வரும்வரை மாஸ்டரும் வேலைக்கு வரவேண்டாம். அவர் எழுத்து மணிமணியாக இருந்தது.

மாஸ்டர் முன்னே இறங்கினார். கேட் கீப்பர் பின்னால். கீழே அக்கா நின்றிருந்தாள். கணவனின் முகமே அவளுக்கு விஷயத்தைச் சொல்லிவிட்டது. மூவருக்கும் வீடு தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம். கேட் பூட்டியிருந்தது. ஒருவர் பக்கத்தில் ஒருவர் நிற்பதைத் தவிர வேறு வழியில்லை.

சரக்கு வண்டி வந்தது. பெட்டி மேல் பெட்டியாக, அவசரமே இல்லாமல் நகர்ந்தது. மாஸ்டர் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லமாட்டேன்னு சொன்னியேடா" என்றாள் அக்கா.

"பள்ளிக்கூட வேன் ஒண்ணு போச்சுக்கா. உள்ள புள்ளைங்க."

அவள் புடவைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். அழுகிறாளா என்று அவருக்குத் தெரியவில்லை. வண்டிச் சத்தத்தில் கேட்கவும் இல்லை. பிறகு தம்பியின் காதருகே சாய்ந்தாள்.

"அவரு முதல் தடவை உன்கிட்டக் கேட்டப்போ, முடியாதுன்னு ஒரு வார்த்தை சொன்னியா?"

"இல்லக்கா."

"ஒரு தடவை சொல்லியிருந்தா அவரு விட்டிருப்பாருடா. அவரு அவ்வளவு தைரியசாலி இல்ல."

அவர்களுக்குப் பின்னால் லாரிக்காரர்கள் ஹாரனை அமுக்கத் தொடங்கினார்கள்.