பாறையில் கிழிந்த வலை

புண்ணியப் புத்தகத்தின் மூன்றாம் பக்கத்தை பியசீலி உரக்க வாசித்துக்கொண்டிருந்தபோது, கட்டிலில் சாகக் கிடந்த தம்பி நந்தசேன மறுபடி முனகினான்.

"கண்ணெல்லாம் என்னையே பாக்குது, அக்கா. மீன் கண்."

தங்காலைக் கடலில் நாற்பது வருடம் மீன் பிடித்தவன். கடைசி நினைவு எதுவோ அதுவே அடுத்த பிறவி. அந்தக் கண்களோடு அவன் போய்விடக் கூடாது என்றுதான், குடும்பம் கொடுத்த அன்னதானம், விகாரைக்குக் கட்டிய மதில் எல்லாவற்றையும் அவள் எழுதிவைத்து வாசித்தாள்.

"மதில் கட்டேக்க இவர் கடல்ல, மச்சாள்," என்றாள் தம்பி மனைவி விமலா. "உங்கட புண்ணியத்தை வாசிச்சா இவருக்கு என்ன தெரியும்?"

"வாயை மூடடி."

நோயாளிகளைப் பார்த்துவர விகாரையிலிருந்து வந்திருந்த பிக்கு புத்தகத்தை மெல்ல மூடிவைத்தார். "இவர் தன்ர கையால செய்தது ஏதும் இருக்கோ, உபாசகம்மா? எழுதாதது?"

பியசீலியின் முதுகு விறைத்தது. இருந்தது. அப்பா ஒரு வருடமாகப் பின்னிய வலை. கடலில் இறக்கிய முதல் நாளே தம்பி அதை வெட்டிவிட்டு வந்தான். ஊர் சிரிக்குமென்று, பாறையில் கிழிந்ததாகக் கரையெல்லாம் சொன்னவள் அவள். வலையைப் பரணில் ஒளித்தவளும் அவள்தான்.

நந்தசேனவின் விரல்கள் விரிப்பைப் பிறாண்டின.

"தம்பி, அப்பான்ர வலை பாறையில கிழியேல்ல," என்றாள். "ஆமை சிக்கினது. நீதான் வெட்டி விட்டாய்."

"முப்பது வருசமா என்னட்டயும் பாறை எண்டுதானே சொன்னனீங்கள்!" விமலா வாய் பிளந்தாள்.

நந்தசேன கண் திறந்தான். "பெரிய ஆமை, அக்கா. ஒருக்காக்கூடத் திரும்பிப் பாக்காமப் போச்சு. அதுக்கும் உன்ர திமிர்தான்."

பிக்கு சிரித்துவிட்டார். விமலா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"எந்தப் பக்கம் போனது?" என்று கேட்டாள் பியசீலி.

"ஆழத்துக்கு."

விரல்கள் விரிப்பை விட்டன. அதற்குப் பிறகு அவன் மீன் கண்களைப் பற்றிப் பேசவில்லை. பிக்குவின் மதிய உணவு நேரத்துக்கு முன்பே மூச்சு அடங்கியது. நெற்றியில் ஒரு சுருக்கமும் இல்லை.

பின்னேரம் சாவீட்டு வாசலில் வெள்ளைக் கொடி கட்ட வந்த அயல்வீட்டு மீனவன் சிரிபால, முற்றத்துக் கயிற்றில் பழைய வலை ஒன்று தொங்கக் கண்டான். ஓட்டையின் விளிம்பை விரலால் தடவிப் பார்த்தான்.

"அக்கா, இது பாறையில்லை. கத்தி வெட்டு."

"ஓம்," என்றாள் பியசீலி.

அவன் கொடியைக் கட்டி முடிக்கும்வரை வாசல் தூணில் முதுகைச் சாய்த்து நின்றாள். ஓட்டைக்கு அப்பால் கடல் தெரிந்தது.