முதுகுப் பக்கம் குண்டூசி

துணிக்கடைக் கண்ணாடிக்குள் நிற்கும் பொம்மைகளுக்கு உடுத்திவிடுவதுதான் என் வீட்டுக்காரருக்கு வேலை. அதில் மனிதர் புலி. ஒல்லிப் பொம்மைக்குத் தொளதொள சட்டையை மாட்டி, முதுகுப் பக்கம் இழுத்துக் குண்டூசி குத்திவிடுவார். தெருவிலிருந்து பார்த்தால் அளவெடுத்துத் தைத்தது போலிருக்கும். கொண்டையில் தாழம்பூ, உள்ளே ஈரும் பேனும் என்று நான் கேலி செய்வேன். ஆனால் எங்கள் வீட்டில் உலை கொதித்தது அந்த ஈரையும் பேனையும் நம்பித்தான்.

ஜனங்கள் போனிலேயே துணி வாங்க ஆரம்பித்தார்கள். முதலாளி கண்ணாடியை மறைத்து அட்டைப்பெட்டிகளை அடுக்கிவிட்டு, இவரையும் பொம்மைகளையும் ஒரே நாளில் வெளியே அனுப்பினார். பொம்மைகளையாவது பழைய சாமான்காரன் வாங்கிக்கொண்டான்.

இவர் சும்மா இருந்தாலும் பரவாயில்லை. நான் கொடியில் போட்ட துணிகளை நிறம் பார்த்து மாற்றிப் போட்டுவிட்டு, தெருவுக்குப் போய் நின்று ரசிப்பார்.

கடைசியில், போனில் துணி விற்கிற ஒரு கம்பெனியே இவரை இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டது. இதுவும் கைவிட்டால் என் அண்ணன் கடையில் ஆணி நிறுக்கப் போக வேண்டும். அண்ணன் நல்லவன்தான். ஆனால் போடுகிற சோற்றுக்கு உபதேசத்தைத் தொட்டுக்கொள்ளக் கொடுப்பான்.

கோட்டு, பேண்ட்டுக்கும் அந்த அண்ணனிடம்தான் போனோம். அவன் கோட்டுக்குள் இவரைப் போல் இரண்டு பேர் குடியிருக்கலாம். இவர் அசரவில்லை. கண்ணாடி முன் நின்று இடம் சொல்லச் சொல்ல, பின்னால் நான் இழுத்துப் பிடித்து இடுப்புக்குக் கீழேவரை குண்டூசி குத்தினேன். முன்னாலிருந்து பார்த்தால் ராஜாதான். பஸ்ஸில் உட்காரப் போனபோதுதான், பொம்மைகள் உட்காருவதில்லை என்பது அவருக்கு உறைத்திருக்கிறது.

அங்கே மேனேஜர் உட்காரச் சொன்னாராம். நிற்கிறேன் சார் என்றிருக்கிறார். டீ வந்தது. குனிந்தால் குத்தும் என்று அதையும் தொடவில்லை. அலங்காரத்தைப் பற்றி மனப்பாடம் செய்துகொண்டு போனதில் ஒன்றைக்கூட யாரும் கேட்கவில்லை. சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்களாம்.

சாயங்காலம் வந்தவர் வாசலிலேயே விறைப்பாக நின்றார்.

"வேலை கெடச்சிருச்சு."

"பொம்மைக்கு உடுத்தவா?"

"பொம்மையே நான்தான். துணிய மாட்டிக்கிட்டு அசையாம நிக்கணும். இப்படி நிக்கிற ஆள் அவங்களுக்குக் கெடைக்கவே இல்லையாம். போட்டோ எடுத்துட்டு, தலைய மட்டும் கம்ப்யூட்டர்ல வேற ஆளோடத வெச்சுக்குவாங்க."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவரும் சிரித்தார். உள்ளே கூட்டிப் போய் ஊசிகளை ஒவ்வொன்றாக உருவிக் கோட்டைக் கழற்றினேன். பனியனெல்லாம் சிவப்புப் புள்ளி. என் சிரிப்பு அடங்கிவிட்டது. அந்த ஊசிகளைக் குத்தியது நான்தானே.

பிடிக்காவிட்டால் போக வேண்டாம், அண்ணனிடம் நானே பேசிக்கொள்கிறேன் என்றேன்.

அவர் வேண்டாம் என்று தலையாட்டினார். "போறேன். அங்கயும் எல்லாம் பெரிய சைஸ்தான், பின்னால ஊசிதான். நாளைக்கு ரெண்டு பனியனா எடுத்து வை."