முப்பது கிழங்குகள்

ஆஸ்பத்திரியில் அவருக்கு மூச்சுக்காரர் என்று பெயர். எக்ஸ்ரே அறையில் முப்பத்தோரு வருஷமாக ஒரே வசனத்தைச் சொல்லிக்கொண்டிருப்பவர். "மூச்சை நல்லா இழுங்க... அப்படியே பிடிங்க... ம், விடலாம்." பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் பத்திரமாக இருந்தது.

வயது ஐம்பத்தெட்டு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்கள் கேட்டுக் கேட்டே ஓய்ந்துவிட்டார்கள். ஒரே தங்கை, அவரைவிட ஆறு வயது சின்னவள், பள்ளிக்கூட நூலகத்தில் வேலை. அவளுக்கும் கல்யாணம் தள்ளித் தள்ளிப் போய், கடைசியில் அந்தப் பேச்சே நின்றுபோயிற்று. அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போன பிறகு, அந்தச் சின்ன வீட்டில் அண்ணனும் தங்கையுமாக இருபத்தாறு வருஷம். அவள் சமைப்பாள், அவர் பாத்திரம் கழுவுவார். அவள் பேசுவாள், அவர் 'ம்' கொட்டுவார். வீட்டுக்குப் பின்னால் எட்டு எட்டு வைத்தால் முடிந்துவிடுகிற ஒரு தோட்டம். அது அவளுடைய ராஜ்ஜியம். துணி காயப்போட மட்டும்தான் அவர் அதற்குள் கால் வைப்பார்.

போன வருஷம், மரங்கள் இலையைக் கொட்ட ஆரம்பித்த சமயம், ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவள் சொன்னாள்.

"அண்ணா, நான் ஒருத்தரைக் கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கேன்."

மாப்பிள்ளை, அவள் தினமும் வேலைக்குப் போகிற பஸ்ஸின் டிரைவர். மனைவியை இழந்தவர். வயது அறுபது. நாலு வருஷமாக இவள் ஏறும்போது ஒரு வணக்கம், இறங்கும்போது ஒரு வணக்கம் என்று ஆரம்பித்தது இதில் வந்து நிற்கிறது.

அவர் கையில் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தார். "இந்த வயசுல உனக்கு இதெல்லாம் தேவையா? ஊரே சிரிக்கும்."

அவள் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தவள், மூடிக்கொண்டாள். சாப்பிட்ட தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். அன்றைக்குப் பாத்திரம் எல்லாவற்றையும் அவளே கழுவினாள்.

இரண்டு மாதம் கழித்து, பதிவு அலுவலகத்தில் கல்யாணம் நடந்தது. அவர் போனார். சாட்சிக் கையெழுத்தும் போட்டார். "சாப்பிட்டுட்டுப் போங்களேன்" என்று டிரைவர் கூப்பிட்டதற்கு, "டியூட்டி இருக்கு" என்றார். டியூட்டி இல்லை. நேரே வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, ரேடியோவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதில் என்ன ஓடியது என்று கேட்டால் அவருக்குத் தெரியாது.

அவள் ஊரின் மறுகோடியில் ஒரு மூன்றாம் மாடி வீட்டுக்குப் போனாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் வரும்.

"சாப்பிட்டியா?"

"ஆச்சு. நீ?"

"ஆச்சு. அங்க குளிருதா?"

"குளிருது. அங்க?"

"இங்கயும்தான்."

ஒரே ஊரில் இரண்டு குளிரா இருக்கும்? ஆனால் அதைத் தாண்டிப் பேச இரண்டு பேருக்கும் வரவில்லை. போனை வைத்த பிறகு வீடு இன்னும் கொஞ்சம் பெரிதாகிவிட்ட மாதிரி இருக்கும். ஒரு ஆளுக்குச் சமைக்க அவருக்குக் கை வரவே இல்லை. ஒன்று குறையும், இல்லாவிட்டால் மூன்று வேளைக்கு அதையே தின்ன வேண்டியிருக்கும். ஆஸ்பத்திரியில் நாள் முழுக்க நாற்பது பேரைத் தொட்டு, திருப்பி நிறுத்தி, மூச்சைப் பிடிக்கச் சொல்லிவிட்டு வந்தால், வீட்டில் வாயைத் திறக்க ஆள் கிடையாது. சில நாள் பூட்டைத் திறந்ததும், "வந்துட்டேன்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டு, நாக்கைக் கடித்துக்கொள்வார்.

குளிர் விட்டது. ஒரு விடுமுறை நாள், துணி காயப்போடப் போனவர் பார்த்தார். மதிலோரம் மண்ணைக் கீறிக்கொண்டு பச்சைப் பச்சையாக ஏதோ நீட்டிக்கொண்டிருந்தது. தடித்த, நேரான இலை. கிள்ளிப் பார்த்தார். இழுத்தால் அடியில் வெங்காயம் மாதிரி ஒரு உருண்டை. காட்டு வெங்காயம் போல, இப்படியே விட்டால் தோட்டம் முழுக்கப் பரவிவிடும் என்று நினைத்து, குனிந்து ஒவ்வொன்றாகப் பிடுங்க ஆரம்பித்தார். தங்கை இருந்தால் தோட்டத்தை இப்படியா போட்டு வைத்திருப்பாள் என்று ஒரு குற்ற உணர்ச்சி வேறு.

பதினோராவதைப் பிடுங்கும்போது பக்கவாட்டு வேலிக்கு அந்தப் பக்கம் சைக்கிள் பிரேக் கிறீச்சிட்டது. தபால்காரம்மா. அந்தத் தெருவில் எந்த வீட்டுத் தொட்டியில் என்ன முளைக்கிறது என்பது அந்தம்மாவுக்கு மனப்பாடம்.

"சார், சார்! என்ன பண்றீங்க நீங்க?"

"களை எடுக்கறேன்."

"களையா? ஐயோ, அது டியூலிப் சார்! உங்க தங்கச்சியம்மா நட்டது. நான்தான் பார்சலைக் கொண்டு வந்து குடுத்தேன். இன்னும் மூணு வாரத்துல பூக்கிற செடியை இப்படிப் பிடுங்கிப் போட்டிருக்கீங்களே!"

அவர் திருதிருவென்று விழித்தார். கையில் இருந்த கிழங்கில் மண் உதிர்ந்தது.

"எப்ப நட்டா?"

"போன வருஷம், இலை கொட்டுற சமயத்துல. முப்பது கிழங்கு. அது குளிர் முழுக்க மண்ணுக்குள்ள தூங்கும் சார். வேர் அறுந்திருக்காது, உடனே திருப்பி நட்டுடுங்க. நட்டுத் தண்ணி விடுங்க. பொழைச்சாலும் பொழைக்கும்."

தபால்காரம்மா போன பிறகு அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. குப்பைக் குவியலைக் கிளறி, பத்தைக் கண்டுபிடித்துவிட்டார். பதினொன்றாவது கையிலேயே இருந்தது. அதை மறந்து அரை மணி நேரம் தேடினார். சமையல் கரண்டியால் குழி தோண்டி, ஒவ்வொன்றையும் உள்ளே இறக்கி, குழந்தைக்குப் போர்த்திவிடுகிற மாதிரி மண்ணை மூடினார்.

அன்று முதல் அவருக்குள் ஒரு நினைப்பு ஓட ஆரம்பித்தது. போகப் போகிறோம் என்று தெரிந்து, அவள் தனக்காகத்தான் இதை நட்டு வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். வாயால் சொல்லாமல், மண்ணில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். அப்படியானால் அவள் மனதில் கோபம் இல்லை. இந்த நினைப்பு வந்த பிறகு தூக்கம் கொஞ்சம் நன்றாக வந்தது.

காலையில் எழுந்ததும் முதலில் தோட்டத்துக்குப் போவார். டீயை எடுத்துக்கொண்டு, துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்துகொள்வார். முதலில் மதிலோரத்தில் மஞ்சளாகக் குட்டிக் குட்டிப் பூக்கள் வந்தன. அவற்றின் பெயர் அவருக்குத் தெரியாது. பிறகு தொட்டியில் நீலம். அப்புறம் ஒரு செவ்வாய்க்கிழமை, முதல் டியூலிப் வாயைத் திறந்தது. சிவப்பு. மறுநாள் மூன்று. அந்த வாரம் முடிவதற்குள் இருபத்தாறு. பிடுங்கி நட்டதில் நாலுதான் பூக்கவில்லை. காலையில் திறந்து, சாயங்காலம் மூடிக்கொள்கிற அதன் பழக்கத்தை அவர் கண்டுபிடித்தபோது, அதைச் சொல்ல ஆள் தேடினார். மறுநாள் எக்ஸ்ரேக்கு வந்த ஒரு இருமல்காரரிடம் சொன்னார். "டியூலிப் சாயங்காலம் மூடிக்கும், தெரியுமா உங்களுக்கு?" இருமல்காரர் தன் நெஞ்சில் ஏதோ கண்டுபிடித்துவிட்டதைத்தான் டாக்டர் பாஷையில் சொல்கிறார் என்று பயந்து, "ஆபரேஷன் பண்ணணுமா?" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. சாப்பாட்டு விசாரணையும் வெயில் விசாரணையும் முடிந்தன. வழக்கமாக வைத்துவிடுகிற இடம் வந்தது. அவர் தொண்டையைச் செருமினார்.

"பூ வந்திருக்கு."

"என்னது?"

"டியூலிப். எல்லாம் பூத்திருக்கு. வந்து பாத்துட்டுப் போயேன்." பிறகு, கொஞ்சம் இடைவெளி விட்டு, "ரெண்டு பேரும்தான்" என்றார்.

"இன்னிக்கு அவருக்கு டியூட்டி அண்ணா. அடுத்த ஞாயித்துக்கிழமை வரோம்."

ஏழு நாள். அதுவரை தாங்குமா? தபால்காரம்மாவை நிறுத்திக் கேட்டார். "வெயில் ஏறாம இருந்து, மழை அடிக்காம இருந்தா தாங்கும்" என்றது அந்தம்மா. வானத்தைப் பார்ப்பதே வேலையாகிவிட்டது. வெயில் ஏறிய நாளில் இரண்டு கம்பு நட்டு, படுக்கை விரிப்பைக் கட்டி நிழல் கொடுத்தார். வியாழக்கிழமை மதியம் ஆஸ்பத்திரி ஜன்னலில் இருட்டிக்கொண்டு வந்தது. ஒருவரை நிறுத்தி, "மூச்சைப் பிடிங்க" என்றவர், வெளியே இடி இடித்ததில் "விடலாம்" என்று சொல்ல மறந்துவிட்டார். அந்த மனுஷர் முகம் சிவந்து, தானாகவே விட்டுவிட்டார்.

அரை நாள் லீவு சொல்லிவிட்டு ஓடி வருவதற்குள் மழை கொட்டி முடிந்திருந்தது. படுக்கை விரிப்பு தண்ணீர் கோர்த்துக்கொண்டு கம்போடு சாய்ந்து, பூக்களின் மேலேயே விழுந்து கிடந்தது. மெதுவாகத் தூக்கினார். இதழ்கள் சேற்றில் சிவப்புச் சிவப்பாக ஒட்டியிருந்தன. மழை மட்டும் அடித்திருந்தால் பாதி தப்பியிருக்கும். காப்பாற்றக் கட்டின துணிதான் மிச்சத்தையும் நசுக்கிவிட்டது. மதிலோரம் ஒதுங்கி நின்ற மூன்றே மூன்று பிழைத்திருந்தன. நனைந்த சட்டையோடு துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டார். வெகு நேரம் எழுந்திருக்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் வந்தார்கள். தங்கை கொஞ்சம் சதை போட்டிருந்தாள். புதுக் கண்ணாடி. டிரைவர் கதவருகே செருப்பைக் கழற்றிவிட்டு, எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றார். இவருக்கும் அவரை என்னவென்று கூப்பிடுவது என்று தெரியவில்லை. தங்கை புருஷன் என்றால் மாப்பிள்ளை. ஆனால் தன்னைவிட இரண்டு வயது மூத்தவரை, தலை முழுக்க நரைத்தவரை எப்படி மாப்பிள்ளை என்பது? "வாங்க... உக்காருங்க" என்று பொதுவாகச் சொல்லி வைத்தார்.

தோட்டத்தில் தங்கை அந்த மூன்று பூக்களையும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மழை அடிச்சிருச்சு. இருபத்தாறு இருந்துச்சு," என்றார் அவர். "அதுக்கு முன்னாடி, பதினொண்ண நானே பிடுங்கிட்டேன். காட்டு வெங்காயம்னு நெனச்சு."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். டிரைவரும் சிரித்தார். "வெங்காயமா!" என்று அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்தத் தோட்டத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டு அரை வருஷம் ஆகியிருக்கும். அந்தத் தைரியத்தில் அவர் சொல்லிவிட்டார்.

"போறப்பவும் எனக்குன்னு நட்டு வெச்சுட்டுப் போயிருக்கியேன்னு நெனச்சேன். நான் அப்படிப் பேசினதுக்கப்புறமும்."

அவள் சிரிப்பு நின்றது. டிரைவர் குழாயைப் பார்க்கிற சாக்கில் அந்தப் பக்கம் நகர்ந்தார்.

"இல்லண்ணா," என்றாள். பொய் சொல்ல அவளுக்கு எப்போதும் வராது. "அப்ப நான் போறதா இல்லவே இல்ல. உன்கிட்ட விஷயத்தைச் சொல்றதுக்கு ஒரு வாரம் முன்னாடி நட்டேன். அவரையும் இங்கயே வரச் சொல்லலாம்னு இருந்தேன். அவருக்கும் சம்மதம்தான். மூணு பேரும் இருப்போம், பூ வந்தா சேர்ந்து பாப்போம்னுதான் முப்பது வாங்கினேன். அன்னிக்குச் சாப்பிடறப்ப அதைத்தான் அடுத்ததா சொல்ல வந்தேன். நீ முந்திக்கிட்ட."

பொட்டில் அறைந்த மாதிரி இருந்தது அவருக்கு. அன்றைக்கு அவள் வாயெடுத்ததும், மூடிக்கொண்டதும் கண்முன் வந்து நின்றன. ஒரு நிமிஷம் பொறுத்திருந்தால் போதும். ஒரு கவளத்தை மென்று முழுங்கிவிட்டுப் பேசியிருந்தால் போதும்.

"தப்பாப் பேசிட்டேம்மா," என்றார்.

"ம்," என்றாள் அவள். எப்போதும் அவர் கொட்டுகிற அதே 'ம்'. பிறகு அவர் சட்டைத் தோளில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டாள். "விடு. எனக்கும் அன்னிக்குக் கோவம். உன்கிட்ட இன்னொரு தரம் பேசிப் பாத்திருக்கலாம். பேசல."

"இப்ப வேணும்னா..."

"இல்லண்ணா. அங்க பழகிட்டோம். அவருக்கு டிப்போ பக்கம். எனக்கும் மாடியில நாலு தொட்டி இருக்கு."

அவர் தலையை ஆட்டினார். வேறு என்ன செய்ய முடியும்?

குழாயடியில் நின்ற டிரைவர், "இது ஒழுகுதே, ஸ்பேனர் இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்கு மாப்பிள்ளை, இதோ எடுத்துட்டு வரேன்," என்று அவர் உள்ளே போனார். தான் என்ன சொன்னோம் என்பது ஸ்பேனரைக் கையில் எடுத்த பிறகுதான் உறைத்தது. திரும்பி வந்தபோது டிரைவரின் காது மடல் சிவந்திருந்தது. தங்கை எதையும் கவனிக்காத மாதிரி தொட்டியில் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

குழாய் சரியானது. டீ குடித்தார்கள். கிளம்பும்போது அவள், "பூ போனாலும் இலையை வெட்டிடாத. அதுவாக் காயட்டும். அப்பதான் அடுத்த வருஷம் வரும்" என்றாள். "மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை நீ அங்க வா. ஒரு ஞாயித்துக்கிழமை நாங்க வரோம்." டிரைவர் கையை நீட்டினார். இவர் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். தெருமுனை திரும்புகிற வரை பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு உள்ளே வந்தார். மூன்று டம்ளரையும் கழுவிக் கவிழ்த்தார். வேலை முடிந்துவிட்டது. வீடு பழையபடி அமைதியானது. ஆனால் இந்த அமைதி யார் கொடுத்தது என்று இப்போது அவருக்குத் தெரியும். அது தெரியாமல் இருந்த அந்த ஐந்து வாரம் சுகமாகத்தான் இருந்தது.

அடுத்த வாரத்தில் அந்த மூன்று பூவும் உதிர்ந்தன. இலைகள் நுனியிலிருந்து பழுக்க ஆரம்பித்தன. பார்க்க அசிங்கமாகத்தான் இருந்தன. இருந்தும் அவர் கை வைக்கவில்லை. நடுவில் வெறும் மண்ணாகக் கிடந்த இடம் மட்டும் கண்ணை உறுத்தியது. சனிக்கிழமை வேலை விட்டு வரும்போது நாற்றுக் கடையில் நின்றார்.

"தக்காளி நாத்து இருக்கா?"

"இருக்கு சார். வீட்டுல எத்தனை பேரு?" கடைக்காரர் தட்டை இழுத்து முன்னால் வைத்தார்.

அவர் யோசித்தார். யோசிக்க ஒன்றுமில்லாத கேள்விதான். "நான் ஒருத்தன்தான்."

"அப்ப ரெண்டு செடி போதும். தின்னு மாளாது."

ரெண்டை வாங்கிக்கொண்டார். பஸ்ஸில் கூட்டம். யாரும் இடித்துவிடாமல் இருக்க, இரண்டு நாற்றையும் நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, கம்பியைப் பிடிக்காமலே வீடு வரை நின்றுகொண்டு வந்தார்.