எல்லாருக்கும் சம்மதந்தானே

…நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டிருக்கலாம், இப்போது இழுத்தால் சத்தம் வரும், திரும்பிப் பார்ப்பார்கள், வேண்டாம், இப்படியே இருக்கட்டும்… காலையில் இதே நாற்காலிகளைத் துடைத்து வரிசையாகப் போட்டவன் நான்தான், அப்போது எதையும் தரதரவென்று இழுக்கக் கூச்சம் இல்லை, உட்கார்ந்த பிறகுதான் இந்தக் கூச்சமெல்லாம். கல்லூரி முதல்வர் பேசிக்கொண்டிருக்கிறார், வாசல் தோட்டத்துக்குப் புதுப்புல் போட வேண்டுமாம், எந்தப் புல் என்பதில் தாவரவியல் துறைத் தலைவருக்கும் பொருளாளருக்கும் ஒத்துப்போகவில்லை, வந்ததிலிருந்து எல்லாருமாகப் புல்லைத்தான் மேய்ந்துகொண்டிருக்கிறார்கள்… சிரிக்கக் கூடாது. இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு சிரித்தால் அது வேறு மாதிரி ஆகிவிடும். மைக் பெட்டிக்குப் பின்னால் நின்றபடி இத்தனை வருடத்தில் எத்தனை கூட்டத்துக்கு உள்ளுக்குள் சிரித்திருப்பேன், யாருக்குத் தெரிந்தது, அங்கே நிற்பவன் முகத்தை யார் பார்க்கிறார்கள். இங்கே முகம் மேசைக்கு மேலே இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை, தண்ணீர் பாட்டிலையே எவ்வளவு நேரம் பார்ப்பது, முழங்கால் வேறு மடக்கி மடக்கி விண்விண்ணென்று தெறிக்கிறது. நிற்கும்போது கூட இவ்வளவு வலிக்காது.

எல்லாம் துணை முதல்வர் அம்மா ஆரம்பித்தது. நல்ல மனசு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கல்லூரியை நடத்துவதில் உங்களுக்கும் பங்கு வேண்டும், ஆட்சிக்குழுவில் பணியாளர்களுக்கென்று ஓர் இடம் வைத்திருக்கிறோம், அட்டெண்டரோ வாட்ச்மேனோ துப்புரவு வேலை பார்ப்பவரோ, யார் வேண்டுமானாலும் பெயர் கொடுக்கலாம் என்று எங்களை இதே ஹாலில் கூட்டிவைத்துப் பேசினார். நாங்கள் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். முன்னால் வாங்க, முன்னால் வாங்க என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு அந்த அம்மாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது, பாவமாக இருந்தது, நான் எழுந்து போய் மைக் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தேன், அதுதான் அன்று எங்கள் தரப்பிலிருந்து நடந்த ஒரே ஒத்துழைப்பு. ஒருவரும் பெயர் கொடுக்கவில்லை. எனக்கெதுக்குப்பா வம்பு என்றார் வாட்ச்மேன். பேசுனா மனசுல வச்சிருந்து பின்னாடி குத்துவாங்க என்றார் லேப் அக்கா. கெடு முடிவதற்குள் எல்லாருமாகச் சேர்ந்து என் தலையில் கட்டினார்கள். "நீ எப்படியும் அந்தக் கூட்டத்துல நிக்கத்தானே போற, நிக்கறதுக்கு உட்கார்ந்துக்க." வாட்ச்மேன் சொன்னதுதான். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்துத் தொலைத்தேன், சிரித்ததைச் சம்மதமென்று எழுதிக்கொண்டார்கள். வீட்டில் சொன்னபோது மனைவி சட்டையைத் தேய்த்துக்கொண்டே, "அங்க போயி என்ன பேசுவீங்க, இங்கயே வாயத் தொறக்கறதில்ல" என்றாள். சரியாகத்தான் சொன்னாள். ஆனால் சட்டையை வழக்கத்தை விடக் கூடுதலாகவே அழுத்தித் தேய்த்தாள், காலர் இன்னும் விறைப்பாகக் கழுத்தை அறுக்கிறது.

அந்த நூலகத்துப் பெண் மட்டும்தான் சிரிக்காதவள். புத்தகம் அடுக்குகிற வேலை, சின்ன வயசு, என்னை அண்ணன் என்று கூப்பிடுவாள். அடுத்த மாதத்திலிருந்து நூலகத்தை இரவு ஒன்பது மணி வரைக்கும் திறந்து வைக்கப் போகிறார்களாம், முறை வைத்து எல்லாரும் மாலை வேலை பார்க்க வேண்டுமாம், அது இன்றைக்கு ஏழாவது பொருளாக வருகிறது. அவள் புருஷனுக்கு ராத்திரி வேலை, பொழுது சாயும்போதே கிளம்பிவிடுவான், வீட்டில் பள்ளிக்கூடத்தில் இன்னும் சேர்க்காத குழந்தை, அதை யாரிடம் விடுவாள். "எனக்குச் சலுகை கேக்கலண்ணே. சாயங்கால வேலைக்கு இஷ்டப்பட்டவங்கள மொதல்ல கேட்டுப் போடச் சொல்லுங்க. ஸ்டோர் ரூம் தம்பிங்க ரெண்டு பேரும் நாங்க வர்றோம்னு சொல்றாங்க. இதை நீங்க ஒருதடவை சொன்னாப் போதும். இல்லைன்னா நான் வேலைய விட வேண்டியதுதான்." ஒருதடவை சொன்னால் போதும். அவ்வளவுதான் வேலை. நேற்று பஸ்ஸில் சொல்லிப் பார்த்தேன், குளிக்கும்போது சொல்லிப் பார்த்தேன், குழாயைத் திறந்துவிட்டுச் சொன்னால் நன்றாகத்தான் வருகிறது… ஐயா என்று ஆரம்பிப்பதா, சார் என்பதா, முதல்வர் அவர்களே என்றால் மேடைப் பேச்சு மாதிரி இருக்காதா. உட்கார்ந்தே சொல்வதா, எழுந்து நின்றா? இவர்கள் எல்லாரும் உட்கார்ந்துதான் பேசுகிறார்கள். நான் உட்கார்ந்து பேசினால் திமிர் என்பார்களோ. எழுந்து பேசினால் துணை முதல்வர் அம்மா உட்காருங்க உட்காருங்க என்பார், அதில் பாதி மறந்துவிடும். இதற்குப் போய் இவ்வளவு யோசிப்பவனையா அனுப்பினார்கள், லேப் அக்காவை அனுப்பியிருக்கலாம், வாயாடி, அவர் வர மாட்டேன் என்றாரே.

புல் ஒருவழியாக முடிந்தது, கார் நிறுத்தும் இடம் முடிந்தது, ஆண்டு மலர் முடிந்தது, ஒவ்வொன்றும் முடியும்போது ஏழாவதுக்கு இன்னும் எத்தனை என்று எண்ணிப் பார்க்கிறேன். எதிரே துணை முதல்வர் அம்மா என்னைப் பார்த்துத் தலையை லேசாக ஆட்டுகிறார், பேசுங்கள் என்று அர்த்தம், நானும் ஆட்டுகிறேன், என்ன அர்த்தத்தில் என்று எனக்கே தெரியாது. ஏழாவது பொருள் என்கிறார் முதல்வர். பொருளாளர் தன் மைக்கை இழுத்து, நூலக நேரம் நீட்டிப்பு தொடர்பாக என்று தொடங்குகிறார், கரகரவென்று ஒரு சத்தம், பிறகு ஒரு கீச்சு, காதைப் பொத்திக்கொள்கிறார்கள், மைக் செத்துவிட்டது. யாரும் என்னைக் கூப்பிடவில்லை. இதைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன், ஒருவர்கூடக் கூப்பிடவில்லை. நான் அதற்குள் எழுந்துவிட்டேன், முழங்கால் வலிகூடத் தெரியவில்லை, மேசைத் துணியை விலக்கிக்கொண்டு அடியில் நுழைந்துவிட்டேன். உள்ளே இருட்டு, வயர், ஷூக்கள், யாரோ செருப்பைக் கழற்றி விரலை ஆட்டிக்கொண்டிருக்கிறார். மூன்றாவது இணைப்பில் செருகியிருக்கும் மைக் பின் ஆடுகிறது, அழுத்தினால் சரி, அழுத்தினேன், சரி. வெளியே வந்திருக்க வேண்டும். வரவில்லை. பக்கத்துப் பின்னையும் அழுத்தினேன், அதற்கும் அடுத்ததையும், அவை கெட்டியாகத்தான் இருந்தன. நிம்மதியாக இருந்தது, அதுதான் உண்மை, காலையிலிருந்து முதல்முறையாக மூச்சு முழுசாக வந்தது. தலைக்கு மேலே பொருளாளரின் குரல் இப்போது தெளிவாகக் கேட்கிறது, முறை வைத்து, அனைத்துப் பணியாளர்களும், அடுத்த மாதம் முதல்… பிறகு முதல்வர், "எல்லாருக்கும் சம்மதந்தானே?" யாரோ இருமினார்கள். ஷூக்கள் அசையவில்லை. "சரி, எட்டாவது." நான் வயரைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்தபோது எட்டாவது பொருளில் பாதி தாண்டிவிட்டார்கள். இப்போதாவது கையைத் தூக்கலாம்… ஐயா, ஏழாவதுக்கு ஒரு நிமிஷம் போகலாமா… போய்விட்ட ஒன்றைத் திருப்பச் சொல்ல நான் யார். உறுப்பினர். உறுப்பினர்தான், வாசலில் ஒட்டியிருக்கும் தாளில் என் பெயர்கூட இருக்கிறது. ஒன்பதாவது முடிந்ததும் சொல்லலாம். ஒன்பதாவது முடிந்தது. கடைசியில், வேறு ஏதாவது என்று கேட்பாரே, அப்போது சொல்லலாம். கேட்டார், கேட்டுக்கொண்டே கைக்கடிகாரத்தைப் பார்த்தார், எல்லாரும் பேனாவை மூடினார்கள், அந்த மூடுகிற சத்தத்துக்கு மேலே என் குரல் எழும்பவில்லை. கூட்டம் முடிந்து கலைகிறார்கள். பொருளாளர் என் தோளில் தட்டி, "நீங்க இல்லைன்னா இன்னிக்கு அவ்வளவுதான்" என்கிறார். துணை முதல்வர் அம்மா பக்கத்தில் வந்து, "முதல் கூட்டம்தானே, பழகப் பழக வந்துடும், அடுத்த தடவை நீங்களும் ஏதாவது சொல்லணும்" என்கிறார், உண்மையான அக்கறையோடுதான். அவரும் களைத்துப் போயிருக்கிறார், கண்ணுக்குக் கீழே கருத்திருக்கிறது. இந்த ஒரு நாற்காலிக்காக எத்தனை பேரோடு மல்லுக்கு நின்றாரோ. சரிங்கம்மா என்கிறேன். எனக்கு என் மேல் எரிச்சல் வரவேண்டும், வரவில்லை, தூக்கம்தான் வருகிறது.

வராந்தாவில் அந்தப் பெண் நிற்கிறாள். வேலை நேரத்தில் இடையில் வந்திருப்பாள் போல, கையில் நூலகத்துத் தூசி துடைக்கிற துணி அப்படியே இருக்கிறது. என் முகத்தைப் பார்த்ததுமே பாதி தெரிந்துவிட்டது அவளுக்கு, இருந்தாலும் கேட்கிறாள்.

"சொன்னீங்களாண்ணே?"

"சரியா அந்த நேரம் பாத்து மைக் போயிடுச்சும்மா. நான் கீழ வயரப் பாத்துட்டு இருந்தேன், அதுக்குள்ள முடிச்சிட்டாங்க."

எவ்வளவு சுலபமாக வருகிறது. பஸ்ஸில் சொல்லிப் பார்க்காமலே வருகிறது, அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அவள் துணியை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிக்கொள்கிறாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன், கோபப்பட்டிருக்கலாம், எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

"அதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க. அப்புறம் சரி பண்ணிட்டீங்களா?"

"பண்ணிட்டேன்."

"நல்லவேளை. இல்லைன்னா உங்களத்தான் திட்டியிருப்பாங்க." பிறகு, எனக்குச் சமாதானமாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று தேடிப்பிடித்த மாதிரி சொல்கிறாள், "உங்க மைக் ஒருநாளும் மக்கர் பண்ணாதேண்ணே. இன்னிக்குன்னு பாத்து எப்படி?"

ஒருநாளும் பண்ணாதுதான். கூட்டத்துக்கு முன்னால் ஒவ்வொன்றையும் விரலால் தட்டிப் பார்க்காமல் நான் விட்டதில்லை, இன்றும் தட்டினேன், வரிசையாக, பொருளாளர் இடத்தில் தட்டும்போது லேசாகக் கரகரத்தது. கேட்டது. நன்றாகவே கேட்டது. புது வயர் பக்கத்து அலமாரியில் இருந்தது, அலமாரிச் சாவி என் சட்டைப் பையில் இருந்தது, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று அடுத்த மைக்குக்குப் போனேன்… நேரமாகிவிட்டது என்றுதான் போனேன்… நேரம் இருந்ததே, நாற்காலியைக்கூட இரண்டாவது தடவை துடைத்தேனே. அப்புறம் மறந்துவிட்டது. மறந்துதான் போயிருக்கும். அந்த ஹாலில் எதையாவது நான் அப்புறம் என்று விட்டிருக்கிறேனா, இத்தனை வருடத்தில் ஒருதடவையாவது… அவள் இன்னும் பதிலுக்கு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.